மூன்று சென்ட் தலைமுறை: கென்டக்கி எந்தச் சட்டத்துக்கு முதலில் கை தூக்க வேண்டும்?

அமெரிக்க மாநிலங்களை நுரையீரல் புற்றுநோய் மரண விகிதப்படி வரிசையாக நிறுத்தினால் ஒரு முனையில் கென்டக்கி நிற்கும், மறு முனையில் யூட்டா. யூட்டா அங்கே நிற்பதற்குக் காரணம் தெரிந்ததுதான். அந்த மாநிலத்தில் மார்மன் சமயத்தார் அதிகம், சிகரெட் அவர்களுக்கு விலக்கு. கென்டக்கி இந்த முனையில் நிற்பதற்கும் காரணம் ரகசியமில்லை. நாட்டிலேயே வடக்கு கரோலினாவுக்கு அடுத்தபடியாக அதிகம் புகையிலை விளைவது அங்கேதான். பர்லி என்ற ரகம். செடியைத் தண்டோடு வெட்டி, உயரமான கொட்டகைகளில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு காற்றில் உலர்த்துவார்கள். கறுப்பு வண்ணம் பூசிய அந்தக் கொட்டகைகள் இன்றும் கிராமச் சாலையோரங்களில் நிற்கின்றன. பல குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கிறிஸ்துமஸ் செலவும் அந்த இலையிலிருந்துதான் வந்தன.

அப்படிப்பட்ட ஊரில் சிகரெட்டுக்கு வரி போட யாருக்கு மனம் வரும்? 1970இலிருந்து 2005 வரை ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குக் கென்டக்கி வாங்கிய வரி 3 சென்ட். முப்பத்தைந்து வருடம் அதே 3 சென்ட். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்று அந்த மாநிலத்தில் நுரையீரல் புற்றுநோயால் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். இதைக் குறைக்கச் சட்டம் போடுவது என்று முடிவெடுத்தால் எந்தச் சட்டத்தை முதலில் எடுப்பது? எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்கலாம். கென்டக்கியின் தலைநகரான ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடும் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டுகளில் 30 நாள், அவ்வளவுதான் கூட்டத்தொடர். ஒற்றைப்படை ஆண்டில் வரி, செலவு சம்பந்தப்பட்ட மசோதா என்றால் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. ஒரு தொடரில் ஒரு பெரிய சண்டைதான் போட முடியும். அதனால் எது முதல் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

இந்த மாதிரி ஒப்பீடுகளில் வழக்கமாகக் கேட்கப்படுவது, எந்தச் சட்டம் அதிக உயிரைக் காக்கும் என்பது. எனக்கு அந்தக் கேள்வி பாதிதான். இந்த நோய் மெதுவாக வருவது. ஒருவர் பதினாறு வயதில் பற்றவைக்கும் சிகரெட்டுக்கான கணக்கு முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் வரும். அதனால் ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன்: இது யாருடைய மரணத்தைத் தடுக்கிறது? அந்த மரணம் எந்த வருடத்தில் நடந்திருக்கும்?

வரி

பொது சுகாதாரக்காரர்களைக் கேட்டால் முதல் பதில் வரிதான். சிகரெட் விலை பத்து சதவீதம் ஏறினால் மொத்தப் பயன்பாடு ஏறக்குறைய நான்கு சதவீதம் குறையும் என்பது பல காலம், பல இடங்களில் சோதித்துப் பார்த்த கணக்கு. கையில் காசு குறைவாக உள்ள இளவட்டங்களிடம் இன்னும் கூடுதலாகக் குறையும்.

முன்னுதாரணமும் கண்ணெதிரே இருக்கிறது. கலிபோர்னியா வாக்காளர்கள் 1988இல் 99ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, பாக்கெட் வரியை 10 சென்டிலிருந்து 35 சென்ட் ஆக்கினார்கள். அதில் வந்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை புகையிலைக்கு எதிரான விழிப்புணர்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். 1988 முதல் 1997 வரை கலிபோர்னியாவில் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வருவோர் விகிதம் 14 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற பகுதிகளில் அது 2.7 சதவீதம்தான். இதில் வரியின் பங்கு எவ்வளவு, விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, கலிபோர்னியர்கள் ஏற்கெனவே புகையை விட்டுக்கொண்டிருந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் மூன்றும் சேர்ந்து வேலை செய்தது நிச்சயம்.

கென்டக்கி இந்தப் பாதையில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. 2005இல் 30 சென்ட், 2009இல் 60 சென்ட். 2018இல் சுகாதார அமைப்புகள் ஒரு டாலர் ஏற்றச் சொல்லி நெருக்கின. சட்டமன்றம் அதில் பாதியைக் கொடுத்தது. அந்த வரி மசோதாவை ஆளுநர் மேட் பெவின் நிராகரிக்க, அவை அதை மீறி நிறைவேற்றியது. வரி 1.10 டாலர் ஆனது.

அந்த ஐம்பது சென்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அரசுக்கு வருமானம் வரும், மக்களுக்கு ஆரோக்கியம் வராது. ஐம்பது சென்ட் ஏறினால் கம்பெனிகள் தள்ளுபடிக் கூப்பன் அடித்து அதைச் சமாளித்துவிடும். ஒரே அடியாக ஒரு டாலர், இரண்டு டாலர் ஏறும்போதுதான் கடையில் நிற்பவர் ‘போதும், விட்டுடலாம்’ என்று யோசிக்கிறார். பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கப் போடும் வரியையும் உயிரைக் காக்கப் போடும் வரியையும் தொகையைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

வரிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் இரண்டை மதிக்கிறேன். ஒன்று எல்லை. நியூயார்க்கில் மாநில வரி 5.35 டாலர், மிசோரியில் 17 சென்ட். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் வேனில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு வந்து விற்பவர்கள் கிளம்பாமல் இருப்பார்களா? கென்டக்கியைச் சுற்றி ஏழு மாநிலங்கள். தெற்கே டென்னசியில் 62 சென்ட், கிழக்கே வெர்ஜீனியாவில் 60 சென்ட், மேற்கு மூலையில் அந்த 17 சென்ட் மிசோரி. ஆனால் மக்கள் நெருக்கமாக வாழ்வது வடக்கு எல்லையில், ஒஹாயோ ஆற்றங்கரையில். அங்கே நிலைமை தலைகீழாகிவிட்டது. 2025 ஜூலையில் இந்தியானா தன் வரியை ஒரே தாவில் 2 டாலர் ஏற்றி, கிட்டத்தட்ட 3 டாலருக்குக் கொண்டுபோய்விட்டது. இல்லினாயில் ஏற்கெனவே 2.98, ஒஹாயோவில் 1.60. இந்தியானாவிலிருந்து பாலத்தைத் தாண்டி கென்டக்கியின் லூயிவில் நகரத்துக்கு வந்து வாங்கினால் பாக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட 1.90 டாலர் மிச்சம். ‘நாம ஏத்தினா வியாபாரம் எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடும்’ என்று லூயிவில்காரர்கள் சொல்லிவந்த பழைய வாதத்துக்கு, வடக்கு எல்லையைப் பொறுத்தவரை, இனி இடமில்லை.

இரண்டாவது வாதம், வரி ஏழையின் மேல் விழுகிறது என்பது. உண்மைதான். கென்டக்கியில் அதிகம் புகைப்பவர்கள் கிழக்கே அப்பலாச்சிய மலைப் பகுதியில் இருக்கிறார்கள். சுரங்கங்கள் மூடிக்கொண்டே வரும் நிலக்கரி ஊர்கள் அவை. விலை ஏறினால் முதலில் புகையை விடுபவர்களும் ஏழைகள்தான், அதனால் பலனும் அவர்களுக்குத்தான் என்ற பதில் வாதமும் சரியே. ஆனால் விட முடியாமல் மாட்டிக்கொண்ட ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்தப் பதிலில் ஆறுதல் ஒன்றும் இல்லை. வாங்கும் வரி அவருக்குத் திரும்பிப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கென்டக்கியில் அது பெரும்பாலும் பொதுக் கணக்கில் கரைந்துவிடுகிறது.

இதற்கு முன்னால் வந்த பணத்தின் கதையும் அப்படித்தான். 1998இல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இருபத்தைந்து வருடத்தில் சுமார் 20,600 கோடி டாலர் தருவதாக ஏற்றன. கென்டக்கி தன் பங்கில் பாதியை விவசாய மேம்பாட்டுக்கு ஒதுக்கியது. நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஒரு பகுதி போனது. புகையிலையை நம்பியிருந்த உழவர் வேறு பயிருக்கு மாற உதவி வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நோய்க்கு ஈடாக வந்த பணத்தில் பாதி பயிருக்குப் போனது என்பதைப் பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

வரி யாருடைய மரணத்தைத் தடுக்கிறது? பெரும்பாலும் இன்று புகைக்கத் தொடங்காத பதினைந்து வயதுக்காரருடைய 2060ஆம் வருட மரணத்தை. நாற்பது வயதில் விட்டவர்களையும் அது காப்பாற்றும். விட்ட பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது. தொலைநோக்கில் பார்த்தால் இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

பொது இடத் தடை

இங்கே கென்டக்கியின் கதை சுவாரசியமானது. மாநிலம் முழுவதற்குமான தடைச் சட்டம் கிடையாது. ஆனால் புகையிலை ஏலத்துக்குப் பேர்போன லெக்சிங்டன் நகரம், உணவகம், மதுக்கடை உட்பட மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று தானாகவே விதி போட்டது. உணவக முதலாளிகள் வழக்குக்குப் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது, 2004 ஏப்ரலில் விதி அமலுக்கு வந்தது. அதற்கப்புறம் லூயிவில்லும் சில ஊர்களும் பின்தொடர்ந்தன. மாநில அளவிலான மசோதா 2015இல் கீழவையில் ஒருமுறை தேறியது, மேலவையில் நின்றுபோனது.

இப்படி ஊருக்கு ஊர் வேறு விதி இருந்ததால் ஆய்வாளர்களுக்கு ஓர் இயற்கையான சோதனைக்களம் கிடைத்தது. லெக்சிங்டனில் தடைக்குப் பிறகு ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வருவோர் சுமார் 22 சதவீதம் குறைந்தார்கள். கடுமையான விதி உள்ள ஊர்களில் புதிய நுரையீரல் புற்றுநோய் நோயாளிகள், விதி இல்லாத ஊர்களைவிட 8 சதவீதம் குறைவு என்று 2018இல் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டது. கடுமையான விதி போடும் ஊரே கொஞ்சம் படித்த, வசதியான ஊராகத்தான் இருக்கும் என்பதால் அந்த 8 சதவீதம் முழுவதையும் விதியின் கணக்கில் எழுத எனக்குத் தயக்கம் உண்டு.

இந்தச் சட்டத்துக்கு அரசுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மதுக்கடையில் எட்டு மணி நேரம் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் பணியாளருக்கு அதைவிட்டால் வேறு பாதுகாப்பும் கிடையாது. ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் நுரையீரல் புற்றுநோய் என்றால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அமெரிக்கா முழுவதும் அடுத்தவர் புகையால் வருடத்துக்குச் சுமார் 7,300 பேர் நுரையீரல் புற்றுநோயில் இறந்ததாக 2014இல் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை மதிப்பிட்டது. அதே புகையால் இதய நோயில் இறந்தவர்கள் ஏறக்குறைய 34,000 பேர். இது அடிப்படையில் இதயத்தைக் காக்கும் சட்டம், நுரையீரலுக்கு அதனால் வருவது உபரி லாபம்.

பரிசோதனை

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு மேமோகிராம் இருப்பதுபோல நுரையீரலுக்கும் ஒன்று இருக்கிறது: குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். சில நொடிகள் படுத்திருந்தால் போதும். 2011இல் வெளியான தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வில் 53,454 பேர் கலந்துகொண்டார்கள். மூன்று வருடம், வருடத்துக்கு ஒரு ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் சி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. 320 பேரைப் பரிசோதித்தால் ஓர் உயிர் மிஞ்சும் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. 2020இல் வெளியான நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வில் ஆண்களுக்கு 24 சதவீதம் குறைந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால், இந்த நோய் முற்றும்வரை சத்தம் போடாது. நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பத்தில் ஆறு பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். உடலில் வேறெங்கும் பரவிய பிறகு என்றால் பத்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. இருமலோடு ரத்தம் வந்து மருத்துவரிடம் போகும் நேரத்தில் பெரும்பாலும் நோய் பரவியிருக்கும்.

யாருக்குப் பரிசோதனை? 2021இல் திருத்திய நாட்டளவிலான பரிந்துரைப்படி 50 முதல் 80 வயது, குறைந்தது 20 பாக்கெட்-வருடம் புகைத்திருக்க வேண்டும். பாக்கெட்-வருடம் என்றால் நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம். நாளுக்கு இரண்டு பாக்கெட் என்றால் பத்து வருடத்திலேயே இருபது வந்துவிடும். இப்போதும் புகைப்பவராக இருக்க வேண்டும், அல்லது விட்டு 15 வருடத்துக்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கு ஸ்கேன் இலவசம் என்று மத்தியச் சட்டமே காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அப்படியும் நாடு முழுக்கத் தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்கூட ஒழுங்காக ஸ்கேன் எடுப்பதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், மற்ற எல்லா அட்டவணையிலும் பின்தங்கும் கென்டக்கி இந்த ஒன்றில் முன்வரிசையில் இருக்கிறது. பணக்கார மாசசூசெட்ஸோடு போட்டி போடும் அளவுக்கு. 2014இல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை விரிவாக்கியது ஒரு காரணம். அதே வருடம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நுரையீரல் புற்றுநோய்க்கென்றே தொடங்கிய கென்டக்கி லீட்ஸ் திட்டம் மலைப்பகுதி மருத்துவர்கள்வரை போனது இன்னொன்று. 2022இல் சட்டமன்றம் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை மாநிலப் பொது சுகாதாரத் துறைக்குள்ளேயே நிறுவிச் சட்டமாக்கியது. இதற்கு வீட்டுக்குள்ளேயே முன்மாதிரி இருந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு இதே மாதிரி ஒரு மாநிலத் திட்டம் நடத்தித்தான் அந்தப் பரிசோதனையில் கென்டக்கி அடிமட்டத்திலிருந்து மேல் பாதிக்கு ஏறியது. வரிக்கும் தடைக்கும் கை தூக்காத உறுப்பினர்கள் இதற்குத் தூக்கினார்கள். கட்சி வித்தியாசம் பெரிதாக இல்லை. அம்மாவையோ மாமாவையோ இந்த நோய்க்குப் பறிகொடுக்காத உறுப்பினர் அந்த அவையில் அதிகம் பேர் இருக்க வாய்ப்பில்லை.

சரி, அப்படியானால் இதில் சட்டத்துக்கு மிச்சமென்ன வேலை? ஸ்கேனுக்குப் பிறகு வருவதுதான் வேலை.

2011 ஆய்வில் மூன்று சுற்றில் ஒருமுறையாவது ‘சந்தேகம்’ என்று வந்தவர்கள் 39 சதவீதம். அப்படி வந்த முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோயே இல்லை. அதன் பிறகு முடிவுகளைப் படிக்கும் அளவுகோலை இறுக்கினார்கள், தவறான எச்சரிக்கை கணிசமாகக் குறைந்தது. ஆனால் கென்டக்கிக்கென்று ஒரு கூடுதல் தொல்லை உண்டு. ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் மண்ணில், பறவை எச்சமும் வௌவால் எச்சமும் விழும் இடங்களில், ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளர்கிறது. அதைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. சளி பிடித்து விட்டதுபோல இருக்கும், போய்விடும். ஆனால் நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சு தங்கிவிடும். ஸ்கேனில் அது புற்றுநோய்போலவே கண்ணைச் சிமிட்டும்.

அப்புறம் என்ன? மறுபடி ஸ்கேன், புற்றுநோய் செல்களைத் தேடும் பெட் (PET) ஸ்கேன், சில பேருக்கு ஊசி போட்டுத் திசு எடுத்தல். முதல் ஸ்கேன்தான் இலவசம். இவை எல்லாம் ‘நோயறியும் சோதனை’ என்ற கணக்கில் வரும். காப்பீட்டில் ஒவ்வொரு வருடமும் முதலில் நாமே கட்டவேண்டிய தொகைக்குள் விழும். வருடத் தொடக்கத்தில் போனால் முழுச் செலவும் நம் தலையில். இலவசம் என்று அழைத்துப்போய் ஆயிரக்கணக்கான டாலருக்கு பில் நீட்டினால், அடுத்த வருடம் அந்த மனிதர் வருவாரா? அவருடைய தம்பிதான் வருவாரா? மலைப்பகுதியில் ஒரு பில்லின் கதை ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. தொடர் சோதனைகளையும் இலவசமாக்கு என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு மாநிலம் உத்தரவு போடலாம். மார்பகப் புற்றுநோய்க்குப் பல மாநிலங்கள் இப்படித்தான் செய்திருக்கின்றன. ஆனால் இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்று, காப்பீட்டு நிறுவனத்தை வெறும் கணக்குப் பிள்ளையாக வைத்துக்கொள்கின்றன. எரிசா என்ற 1974ஆம் வருட மத்தியச் சட்டத்தால் அந்தத் திட்டங்களை மாநிலம் தொடவே முடியாது. வேலை வழியாகக் காப்பீடு பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். உத்தரவு போட்டால் செய்தித்தாளில் நன்றாக இருக்கும், பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. இரண்டாவது வழி, 2022 சட்டம் நிறுவிய திட்டத்துக்கே பணம் கொடுத்து, யாருடைய காப்பீடு எதுவாக இருந்தாலும் தொடர் சோதனையின் கைச்செலவை மாநிலம் கட்டிவிடுவது. செலவு அதிகம், ஆனால் ஓட்டை இல்லை.

அந்த 15 வருட விதியையும் பாருங்கள். 2008இல் கஷ்டப்பட்டு சிகரெட்டை விட்டவர் 2023இல் தகுதி இழந்துவிட்டார். விடாமல் புகைத்துக்கொண்டே இருந்தவர் தகுதியோடு இருக்கிறார். 2023இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்த நிபந்தனையைத் தன் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது, ஏனென்றால் விட்ட பிறகும் வயது ஏற ஏற ஆபத்து நிற்பதில்லை. மத்தியப் பரிந்துரை மாறும்வரை காத்திருக்காமல் மாநிலத் திட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும்.

பரிசோதனைச் சட்டம் தடுப்பது அடுத்த வருட மரணத்தை, அதற்கடுத்த வருட மரணத்தை. இன்னும் ஒரு லட்சம் பேர் மூன்று சுற்று முடித்தால் அந்த 320 கணக்குப்படி முந்நூறுக்கு மேற்பட்ட உயிர். ஆனால் ஒரு சிகரெட்டைக்கூட அது குறைக்காது.

ரேடான்

1984இல் பென்சில்வேனியாவில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். வாசலில் இருந்த கதிர்வீச்சுக் கருவி அவரைக் கண்டதும் அலறியது. உலை இன்னும் ஓடவே தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால் கதிர்வீச்சு அவர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு, லிட்டருக்கு 2,700 பைகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவில். 4 தாண்டினாலே வீட்டைச் சரிசெய்யுங்கள் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்பது அதே முகமையின் மதிப்பீடு.

கென்டக்கியின் நடுப்பகுதி சுண்ணாம்புக்கல், அடியில் ஓட்டை ஓட்டையாகக் குகைகள். ரேடான் மேலே வர வசதியான தரை. (உலகின் மிக நீளமான மாமத் குகை அங்கேதான். 1842இல் ஜான் குரோகன் என்ற மருத்துவர், குகைக் காற்று காசநோயைக் குணப்படுத்தும் என்று நம்பி நோயாளிகளை உள்ளே குடிசை போட்டுத் தங்கவைத்தார். சிலர் அங்கேயே இறந்தார்கள். அவரும் பின்னாளில் காசநோயில்தான் போனார்.)

சட்டம் என்ன செய்ய முடியும்? மின்னசோட்டா 2009இலிருந்து புதிய வீடுகளில் ரேடான் தடுப்புக் கட்டுமானத்தைக் கட்டாயமாக்கியது. இல்லினாய் 2008 முதல் வீடு விற்கும்போது ரேடான் தகவல் தரச் சொல்கிறது. இரண்டும் மலிவான, சண்டை வராத சட்டங்கள். ஆனால் பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஏழைக்கு இவற்றால் பயன் குறைவு. இன்னொரு விஷயம்: 4 என்ற அளவில் வாழ்நாள் முழுக்க இருந்தால், புகைக்காதவர் ஆயிரத்தில் 7 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம், புகைப்பவர் ஆயிரத்தில் 62 பேருக்கு. ரேடானின் ஆபத்தைக் குறைக்கவும் சிகரெட்டைத்தான் முதலில் குறைக்க வேண்டியிருக்கிறது.

மற்றவை

சிகரெட் விற்பதற்கான குறைந்தபட்ச வயதை 21 ஆக்குவது 2019 டிசம்பரில் மத்தியச் சட்டமாகிவிட்டது, அது முடிந்த கதை. மென்தால் உள்பட வாசனைச் சிகரெட் தடையை மாசசூசெட்ஸ் 2020இல் கொண்டுவந்தது. கென்டக்கியில் அதற்கு இப்போதைக்கு வாய்ப்பே இல்லை என்பதால் நேரம் செலவழிக்கவில்லை. கட்டியின் மரபணுவைச் சோதித்துப் பொருத்தமான மருந்து தர உதவும் சோதனைகளுக்குக் காப்பீடு தர வேண்டும் என்று 2023இல் கென்டக்கி சட்டம் போட்டுவிட்டது. நல்ல சட்டம், அதே எரிசா ஓட்டையோடு.

புகைப்பழக்கத்தை விட உதவும் மருந்துகளுக்கும் ஆலோசனைக்கும் தடையில்லாமல் காப்பீடு தரச் சொல்லும் சட்டமும் 2017இலேயே வந்துவிட்டது. இது பேசப்படுவதைவிட முக்கியமானது. மாசசூசெட்ஸ் 2006இல் மெடிகெய்ட் பயனாளிகளுக்கு இந்த உதவியைத் தாராளமாகக் கொடுத்து, ஊர் ஊராகப் போய்ச் சொன்னபோது, இரண்டரை வருடத்தில் அவர்களிடையே புகைப்போர் 38 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைந்தார்கள். கென்டக்கியில் சட்டம் இருக்கிறது, ஊர் ஊராகச் சொல்வதுதான் பாக்கி. அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம்.

என் வரிசை

முதலில் பரிசோதனையின் தொடர் செலவு. ஒஹாயோ கரைப் பூஞ்சை முடிச்சுகள் உள்ள மாநிலத்தில் இரண்டாவது ஸ்கேனுக்குப் பணம் கேட்பது, முதல் ஸ்கேனை வீணாக்குவது. மாநிலத் திட்டத்துக்கு நிதி, விட்டு 15 வருடம் ஆனவர்களையும் சேர்ப்பது, இரண்டும் ஒரே மசோதாவில் போகட்டும்.

இரண்டாவது வரி. 2 டாலருக்குக் குறையாமல், ஒரே தாவில், இரட்டைப்படை ஆண்டில். வரும் பணத்தில் ஒரு பங்கு அந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று கலிபோர்னியாபோலச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். இந்தியானா வழி காட்டிவிட்டது. இந்தச் சந்தர்ப்பம் ரொம்ப நாள் நிற்காது. மூன்றாவது மாநிலம் தழுவிய பொது இடத் தடை, நான்காவது ரேடான்.

பெரிய ஆயுதம் வரிதான் என்று சொல்லிவிட்டு அதை ஏன் இரண்டாவதாக வைக்கிறாய் என்று கேட்கலாம். 2060ஐ மட்டும் பார்த்தால் என் வரிசை தப்பு, வரிதான் முதல். பொது சுகாதாரம் படித்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். இதில் எனக்கு அரசியல் கணக்கும் உண்டு, மறைக்கவில்லை. பரிசோதனைக்கு அந்த அவையில் ஏற்கெனவே ஆதரவு இருக்கிறது, வரிக்கு ஒவ்வொரு ஓட்டாகத் தேட வேண்டும். ஆனால் அது மட்டும் காரணமில்லை.

1957இல் பிறந்த ஒரு கென்டக்கிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். 1975இல் பதினெட்டு வயது. அன்று அவர் வாங்கிய பாக்கெட்டுக்கு வரி 3 சென்ட். பக்கத்து வயலில் புகையிலை, வேலை செய்த கடையில் புகை. வரி 30 சென்ட் ஆனபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது, முப்பது வருடம் புகைத்தாகிவிட்டது. இனி எந்த வரியும் அந்த முப்பது வருடத்தைத் திருப்பிக் கொடுக்காது. 2018இல் வரி கட்டினார், 1.10 வீதம். அந்தப் பணமும் அவரிடம் திரும்பவில்லை. இப்போது பரிசோதனைக்குத் தகுதியான வயதில் இருக்கிறார். 2037இல் எண்பது ஆகும், அத்தோடு தகுதி முடியும்.